யுனிவர்சல் ஸ்டூடியோவும் இல்லை, மெர்லயனும் இல்லை... 1970-ல் எம்.ஜி.ஆர் போன ஃபாரின் ட்ரிப்!

இப்போதெல்லாம் பொம்மிடி மாதிரி ஊர்லகூட நாலு ஃப்ரெண்ட்ஸ் டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து சிங்கப்பூர் பேக்கேஜை போனில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். யுனிவர்சல் ஸ்டூடியோவுக்கு ஒரு நாள், சென்டோசாவுக்கு ஒரு நாள், மெர்லயன் முன்னாடி குரூப் போட்டோ. கொஞ்சம் பட்ஜெட் கூடுதலாக இருந்தால் ஹாங்காங் டிஸ்னிலேண்டு, அதையும் தாண்டினால் டோக்கியோ. சீட்டுப் பணம் எடுத்தாவது ஒருமுறை போயிட்டு வந்துடணும் என்கிற ஆசை. நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம்.

உங்களுக்கு முன்னால் இதே ரூட்டில் ஒருவர் பெரிய கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சிங்கப்பூர், ஹாங்காங், பாங்காக், ஜப்பான். அவர் போனபோது சிங்கப்பூரில் மெர்லயன் சிலையே கிடையாது. அது 1972-ல்தான் வந்தது. ஆசியாவில் எங்கேயும் டிஸ்னிலேண்டு இல்லை. டோக்கியோவில் திறந்தது 1983-ல். யுனிவர்சல் ஸ்டூடியோ சிங்கப்பூருக்கு வர இன்னும் 40 வருஷம் இருந்தது. போனவருக்கு அப்போது வயது 53. பெயர், மருதூர் கோபாலன் ராமச்சந்திரன்.

எம்.ஜி.ஆரின் வாழ்க்கையை அரசியலிலிருந்து சொல்பவர்கள் உண்டு, சினிமாவிலிருந்து சொல்பவர்கள் உண்டு. அவர் செய்த பயணங்களிலிருந்தும் சொல்லிப் பார்க்கலாம். முதல் கடல் பயணமே பிழைப்புக்கானது. 1917 ஜனவரி 17-ல் இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் பிறந்தவர். நினைவு தெரியும் முன்பே அப்பா கோபால மேனன் இறந்துவிட, அம்மா சத்யபாமா பிள்ளைகளோடு கடல் தாண்டி வந்து கும்பகோணத்தில் ஒதுங்கினார். வீட்டில் பசி. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே சோறு நிச்சயம் என்பதுதான் காரணம்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை என்றால் ஊர் ஊராகப் போவதுதான். ஆனால் அதை டூர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஓர் ஊரில் கொட்டகை போட்டு, நாடகம் நடத்தி, வசூல் குறைந்ததும் மூட்டை கட்டி அடுத்த ஊர். ஊரைச் சுற்றிப் பார்க்க நேரமும் கிடையாது, காசும் கிடையாது. பின்னாளில் எம்.ஜி.ஆர் தன்னோடு வேலை செய்பவர்களின் இலையில் என்ன விழுகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்ததற்கு வேர் அந்த வருஷங்களில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1936-ல் 'சதிலீலாவதி'யில் சின்ன வேடம். கதாநாயகன் ஆக 11 வருஷம் காத்திருந்தார், 1947-ல் 'ராஜகுமாரி'. அதற்கப்புறம் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று வருகிறது. பொம்மிடிக்குத் தெற்கே தெரிகிற சேர்வராயன் மலையைத் தாண்டினால் சேலம். அங்கே ஏற்காடு அடிவாரச் சாலையில் இருந்தது மாடர்ன் தியேட்டர்ஸ். 'மந்திரிகுமாரி', 'சர்வாதிகாரி' என்று எம்.ஜி.ஆரை வளர்த்துவிட்ட கம்பெனிகளில் முக்கியமானது. 1956-ல் அங்கேதான் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தார்கள், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். பாக்தாத் நகரத்தையே சேலத்தில் செட் போட்டுக் காட்டிய படம் அது. வெளிநாடு என்றால் அப்போது தமிழ் சினிமாவுக்கு அட்டையும் பெயின்டும்தான். பார்த்தவர்களும் அதையே பாக்தாத் என்று நம்பிக்கொண்டார்கள்.

1958-ல் சொந்தமாக 'நாடோடி மன்னன்' எடுத்தார். இருந்ததையெல்லாம் வைத்துச் சூதாடியதைப் போன்ற படம், ஜெயித்தது. மறு வருஷமே சீர்காழியில் நாடக மேடையில் கால் முறிந்தது. இனி சண்டைக்காட்சிகளில் அவ்வளவுதான் என்றார்கள், எழுந்து வந்தார். 1965-ல் சரோஜாதேவியோடு இலங்கைக்குப் போனார். கைக்குழந்தையாக விட்டு வந்த தீவுக்கு நட்சத்திரமாகத் திரும்பினார். விமான நிலையத்திலிருந்தே கூட்டம்.

அடுத்தது 1967 ஜனவரி 12. எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் ஒரு காதின் கேட்கும் திறன் போனது, குரல் மாறியது. வசனத்தால் சம்பாதிக்கிற நடிகனுக்குக் குரல் போவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் எம்.எல்.ஏ ஆனார். குழறிய குரலோடு மறுபடி கேமரா முன் வந்தார். டப்பிங்குக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளவில்லை. ரசிகர்கள் அந்தக் குரலுக்குப் பழகிக்கொண்டார்கள்.

இத்தனையும் நடந்து முடிந்த மூன்றாவது வருஷம்தான் அந்தப் பயணம்.

1970-ல் ஜப்பானின் ஒசாகாவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. 'எக்ஸ்போ 70' என்று பெயர். ஆசியாவில் நடந்த முதல் உலகப் பொருட்காட்சி. நம் ஊர் தீவுத்திடல் பொருட்காட்சியை மனதில் வைத்துக்கொண்டு கற்பனை செய்தால் ஏமாந்துபோவீர்கள். மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை 183 நாள். 77 நாடுகள் அரங்கு போட்டன. மொத்தம் வந்தவர்கள் 6 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். செப்டம்பர் 5 அன்று ஒரே நாளில் 8 லட்சத்து 35 ஆயிரம் பேர் உள்ளே போயிருக்கிறார்கள்!

உள்ளே என்ன இருந்தது? அமெரிக்க அரங்கில் நிலாவிலிருந்து கொண்டுவந்த கல். அப்போலோ 12 போய் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அந்தக் கல்லைப் பார்க்க மணிக்கணக்கில் க்யூ. நின்றால் போதும், அதுவே நகர்ந்து கொண்டுபோய் விடுகிற நடைபாதை. வளாகத்தைச் சுற்றிவர மோனோ ரயில். ஒயர் இல்லாத போன். உலகத்தின் முதல் ஐமேக்ஸ் படம் திரையிடப்பட்டதும் அங்கேதான். ஒரு கம்பெனி மனிதர்களைக் குளிப்பாட்டும் வாஷிங் மெஷினையே வைத்திருந்தது. ஆள் உள்ளே உட்கார்ந்தால் போதும், மிஷின் தேய்த்துவிடும். நல்லவேளை, அது வீடுகளுக்கு வரவில்லை. பக்கத்திலேயே ராட்டினங்களும் ரோலர் கோஸ்டரும் வைத்து 'எக்ஸ்போலேண்டு' என்று தனியாக ஒரு கேளிக்கைப் பூங்கா. எல்லாவற்றுக்கும் நடுவில், ஓவியர் தாரோ ஒகமோட்டோ வடிவமைத்த 70 மீட்டர் உயர சூரியக் கோபுரம், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு.

இதையெல்லாம் தமிழ்நாட்டில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்க முடியும்? அன்றைக்கு வெளிநாடு போவது விமான டிக்கெட்டோடு முடிகிற விஷயம் இல்லை. அந்நியச் செலாவணிக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். கையில் பணம் இருப்பவர்களே அதிகம் கொண்டுபோக முடியாது. கடலை காய வைத்துக்கொண்டும், மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டும் இருந்த எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு ஒசாகா என்ற சொல்லே காதில் விழுந்திருக்காது.

வெளிநாட்டில் படம் எடுப்பது புதுசும் இல்லை. இந்தியில் 'லவ் இன் டோக்கியோ' 1966-லேயே வந்தாச்சு. தமிழில் 1969-ல் ஸ்ரீதர், சிவாஜியை வைத்து ஐரோப்பாவில் எடுத்த 'சிவந்த மண்' வந்தது. எம்.ஜி.ஆர் செய்தது என்ன என்றால், அந்தப் பொருட்காட்சியையே கதையோடு கோத்துவிட்டார். மின்னலின் சக்தியைப் பிடித்து வைக்கிற விஞ்ஞானி முருகன். அவரைக் காணவில்லை. அவருடைய ஆராய்ச்சிக் குறிப்புகள் பல நாடுகளில் பிரித்து ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. தேடிப் போகிறான் தம்பி ராஜு. விஞ்ஞானி, தம்பி ரெண்டு பேருமே எம்.ஜி.ஆர். டைரக்‌ஷனும் அவரே, தயாரிப்பும் அவருடைய எம்ஜியார் பிக்சர்ஸ். படம் நஷ்டமானால் கேட்க வேறு ஆள் கிடையாது.

கூடப் போன கூட்டத்தைப் பாருங்கள். நாகேஷ், அசோகன், மஞ்சுளா, சந்திரகலா, இந்தப் படத்தில் அறிமுகமான லதா, கேமராமேன் வி.ராமமூர்த்தி, இன்னும் உதவியாளர்கள். தாய்லாந்தில் அந்த ஊர் நடிகை மேத்தா ரூங்ராத்தையே நடிக்க வைத்தார்கள். குரூப்பாக டூர் போனவர்களுக்குத் தெரியும், நாலு பேரை ஒரே நேரத்துக்கு ஹோட்டல் லாபிக்கு வரவைப்பதே எவ்வளவு பெரிய வேலை என்று. இங்கே ஒரு முழு யூனிட். மொழி தெரியாத ஊர். மேக்கப், டிரஸ், கேமரா, ஃபிலிம் சுருள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகணும். பொருட்காட்சியிலோ ஜனக்கடல், ஒதுக்கிவிட முடியாது. இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஆடணும், பாடணும். செப்டம்பர் 13 வந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு ஷாட் விட்டுப்போனது என்று சென்னைக்கு வந்த பிறகு தெரிந்தால், திரும்பிப்போய் எடுக்க அங்கே பொருட்காட்சியே இருக்காது.

போய் வந்த அனுபவத்தை எம்.ஜி.ஆர் பிறகு 'பொம்மை' பத்திரிகையில் 'திரைகடலோடி திரைப்படம் எடுத்தோம்' என்று தொடராகவே எழுதினார். இன்றைய டிராவல் விலாக் பசங்களுக்கெல்லாம் அவர் சீனியர்.

ஆனால், ஊர் திரும்பியதும் படம் வந்துவிடவில்லை. 1971-ல் தேர்தல் வந்தது. பிரசாரம், வெற்றி, வேறு படங்கள். 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்குத் தேசிய விருது வந்தது. ஒசாகாவில் எடுத்த சுருள்கள் டப்பாவிலேயே இருந்தன. 1972 அக்டோபரில் எல்லாம் தலைகீழானது. கட்சியின் பொருளாளர், கட்சியின் கணக்கைப் பொதுமேடையில் கேட்டார். தி.மு.க-விலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 17-ல் அண்ணா தி.மு.க பிறந்தது. அதுவரை ஜாலியான ஒரு வெளிநாட்டுப் படமாக இருந்தது, ஒரே வாரத்தில் ஆளுங்கட்சிக்கு எதிரான ஆயுதம் ஆகிவிட்டது. நண்பர்களோடு டூர் போய் எடுத்த வீடியோ உங்கள் வேலையையே முடிவு பண்ணும் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவர் நிலைமை.

படம் வெளிவருமா, தியேட்டர் கிடைக்குமா என்பதே பேச்சானது. சுவரொட்டிக்கான வரி கூடிப்போனதால், சென்னையில் போஸ்டருக்குப் பதிலாகச் சின்னச் சின்ன ஸ்டிக்கர்களை அச்சடித்து ஒட்டினார்கள். படத்தின் தொடக்கத்தில் சீர்காழி கோவிந்தராஜனின் கம்பீரக் குரலில் ஒரு பாட்டு. அதைக் கேட்டவர்கள் கதாநாயகன் ராஜுவைப் பற்றிய பாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 1973 மே 11-ல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. சென்னையில் தேவி பாரடைஸில் வெள்ளிவிழா கண்டது. படம் வந்த ஒன்பதாவது நாள், மே 20, திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற மாயத்தேவர் ஜெயித்தார். ஒரு படமும் ஒரு தேர்தலும் சேர்ந்தே ஓடிய மாதம் அது.

என் தலைமுறை கண்ணால் பார்த்தால் படத்தில் குறைகள் நிறையத் தெரியும். ஐம்பதைத் தாண்டிய ஹீரோவைப் பார்த்த மாத்திரத்தில் இருபது வயதுப் பெண்கள் வரிசையாகக் காதலிப்பார்கள். ஜப்பானியர்களும் தாய்லாந்துக்காரர்களும் பெரும்பாலும் அழகான பின்னணியாகவே வந்துபோவார்கள். ராஜு துப்பறிகிற நேரத்தைவிடச் சுற்றிப்பார்க்கிற நேரம் ஜாஸ்தி. ஆனாலும் எம்.எஸ்.விஸ்வநாதனின் இசை இன்னும் பழசாகவில்லை. அந்தச் சுற்றிப்பார்க்கும் காட்சிகள்தான் அன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்கு டிக்கெட் காசுக்கான விஷயமும்.

பொம்மிடியில் அறுபதைத் தாண்டிய யாரையாவது நிறுத்தி இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். பாசஞ்சர் ரயிலில் சேலம் போய்ப் பார்த்தேன் என்பவர் இருப்பார். டூரிங் டாக்கீஸுக்கு வரும்வரை காத்திருந்து, மண்ணைக் குவித்து உட்கார்ந்து பார்த்தேன் என்பவர் இருப்பார். கதையைக் கேட்டால் தடுமாறுவார்கள். நகர்ந்து போகிற படிக்கட்டைக் கேட்டால் கையை அசைத்துக் காட்டுவார்கள். தலைவர் ஜப்பானுக்குப் போனார் என்று சொல்கிறவர்கள் குறைவு. ஜப்பானைக் காட்டினார் என்றுதான் பேச்சு வரும். நாம் டூர் போய்விட்டு ஸ்டேட்டஸ் வைக்கிறோமே, அதில் இருப்பது பெரும்பாலும் நம் முகம். எம்.ஜி.ஆரும் எல்லா ஃபிரேமிலும் தன் முகத்தைத்தான் வைத்தார், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால், அவருடைய தோளுக்குப் பின்னால் தெரிந்த ஊரையும் சனங்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள்.

படம் முடியும்போது ஓர் அறிவிப்பு வரும். அடுத்த படம், 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு'. அதாவது, அடுத்த டூர் பிளான் ரெடி. தியேட்டரில் விசில் பறந்த இடம் அது. அந்தப் பயணம் நடக்கவே இல்லை. 1977 ஜூன் 30-ல் முதலமைச்சர் ஆனார். 1978-ல் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' வந்ததோடு நடிப்பு முடிந்தது. ராஜு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பவே இல்லை.

எம்.ஜி.ஆரின் இன்னொரு பெரிய வெளிநாட்டுப் பயணத்தைத் தமிழ்நாடு அழுதுகொண்டே பார்த்தது. 1984 அக்டோபரில் உடல்நிலை மோசமாகி சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். நவம்பரில் தனி விமானத்தில் நியூயார்க், புரூக்ளின் மருத்துவமனை. அண்ணன் மகளின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. இங்கே கோயில், தேவாலயம், தர்கா எல்லா இடத்திலும் பிரார்த்தனை. டிசம்பரில் தேர்தல். அவர் ஊரில் இல்லை, ஒரு மேடையில்கூடப் பேசவில்லை. மருத்துவமனையில் அவர் உட்கார்ந்திருக்கிற, சாப்பிடுகிற காட்சிகளைப் படம்பிடித்து வந்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 14 வருஷத்துக்கு முன் ஒசாகாவிலிருந்து வந்த சுருளையும், புரூக்ளினிலிருந்து வந்த இந்தச் சுருளையும் பார்த்தது ஒரே கூட்டம்தான். முன்னதில் தலைவர் எங்கே போகிறார் என்று பார்த்தார்கள். இதில் கை தூக்குகிறாரா என்று மட்டும் பார்த்தார்கள்.

1985 பிப்ரவரி 4-ல் சென்னைக்குத் திரும்பினார். மறுபடி முதலமைச்சர். பேச்சு ரொம்பவே தேய்ந்திருந்தது. 1987 டிசம்பர் 24 அதிகாலை காலமானார், 70 வயது. மறு வருஷம் பாரத ரத்னா.

சரி, ஜப்பான் ட்ரிப் பிளான் பண்ணுகிறவர்களுக்கு ஒரு தகவல். டோக்கியோ டிஸ்னிலேண்டு, ஒசாகா யுனிவர்சல் ஸ்டூடியோ எல்லாம் உங்கள் லிஸ்ட்டில் ஏற்கெனவே இருக்கும். 2025-ல் இன்னோர் உலகப் பொருட்காட்சியையும் ஒசாகா நடத்தி முடித்துவிட்டது. அது கடலோரத்தில் வேறு இடம். ராஜு சுற்றிய இடத்தைப் பார்க்கணும் என்றால் ஒசாகா மோனோ ரயில் ஏறி, பம்பாக்கு கினென் கோயென் ஸ்டேஷனில் இறங்குங்கள். 'பொருட்காட்சி நினைவுப் பூங்கா' என்று அர்த்தம். எக்ஸ்போலேண்டு மூடப்பட்டுவிட்டது, அந்தப் பக்கத்தில் இப்போது ஷாப்பிங் மாலும் பெரிய ராட்டினமும் இருக்கின்றன. 77 நாட்டு அரங்குகளும் போய்விட்டன, மரங்கள் வளர்ந்துவிட்டன. சூரியக் கோபுரம் மட்டும் அதே இடத்தில் கைகளை விரித்தபடி நிற்கிறது. 2018 முதல் உள்ளேயும் விடுகிறார்கள், ஆன்லைனில் முன்பதிவு பண்ணிவிட்டுப் போவது நல்லது. புதன்கிழமைகளில் பூங்காவுக்குப் பெரும்பாலும் விடுமுறை, அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.